பத்துத் தோட்டாவின் எல்லை: மேகசின் கொள்ளளவுச் சட்டங்களும் அவற்றின் இடைவெளிகளும் (1927–2025)

அமெரிக்க நாடாளுமன்றம் 1994இல் இயற்றிய வன்குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடை செய்தது. தடையைச் சொல்லும் பிரிவின் கடைசியில், அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் கிடந்தது: மேகசினில் வரிசை எண் இல்லையென்றால், அதை வைத்திருப்பது தடைக்கு உட்பட்டதல்ல என்றே அனுமானிக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு தயாரானவற்றுக்குத்தான் அந்த எண் கட்டாயம். எனவே எண் இல்லாதது பழையது. பழையதை வைத்திருக்கலாம், விற்கலாம், வாங்கலாம். பழையதல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பின் தலையில். தடையைப் போட்ட அதே பக்கத்தில், அதைத் தாண்டிப் போகும் வழியும் அச்சாகியிருந்தது.

சட்டத்தில் ஓட்டை என்றதும், வரைவு எழுதியவர் கண்ணயர்ந்துவிட்டார் என்ற எண்ணம் எழுவது இயல்பு. மேகசின் சட்டங்களின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெரும்பாலான இடைவெளிகள் தெரிந்தே விடப்பட்டவை. அவற்றை விடாவிட்டால் சட்டமே நிறைவேறியிருக்காது. கவனக்குறைவால் நேர்ந்தவையும் உண்டு, ஆனால் அவை சிறுபான்மை. இன்னொரு போக்கும் புலப்படுகிறது. தொடக்கத்தில் சட்டம் துப்பாக்கியைப் பிடித்தது. பிறகு துப்பாக்கியை விட்டு மேகசினைப் பிடித்தது. மேகசின் கைக்கு அகப்படாமல் நழுவவே, இப்போது மறுபடியும் துப்பாக்கிப் பக்கம் திரும்புகிறது.

மேகசின் என்பது ஓர் உறை, உள்ளே ஒரு சுருள்வில், தோட்டாக்களை மேலே தள்ளும் ஒரு தகடு, கீழே ஒரு மூடி, அவ்வளவுதான். துப்பாக்கிக்கு வரிசை எண் உண்டு, சில இடங்களில் உரிமமும் பதிவும் உண்டு. இந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. கொள்ளளவுக்கு ஏன் வரம்பு என்றால், சுடுபவர் மேகசினை மாற்றும் சில நொடிகளுக்காக. 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸைக் குறிவைத்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் 33 தோட்டா கொள்ளும் மேகசின் பயன்பட்டது. ஆறு பேர் இறந்தனர். அது தீர்ந்து அடுத்ததை மாட்ட முயன்றபோதுதான் சுற்றியிருந்தவர்கள் சுட்டவனை மடக்கினர். வரம்பை ஆதரிப்போர் அந்த இடைவேளை சீக்கிரம் வரவேண்டும் என்கிறார்கள். எதிர்ப்போர், அதே இடைவேளை வீட்டில் தற்காத்துக்கொள்பவருக்கும் வரும் என்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றை மட்டும் மறுப்பதில்லை: ஒருவர் எத்தனை மேகசின் வைத்திருக்கலாம் என்று இந்தச் சட்டங்கள் கேட்பதில்லை.

முதல் அலை: துப்பாக்கியை அளந்த சட்டங்கள்

மதுவிலக்குக் காலத்துக் கும்பல் வன்முறையின் நடுவே, 1927இல் மிச்சிகன் மாநிலம் மறுபடி தோட்டா நிரப்பாமல் 16 முறைக்கு மேல் சுடக்கூடிய துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. அதே ஆண்டில் ரோட் தீவு மாநிலம், அரைத்தானியங்கி முறையில் 12 முறைக்கு மேல் சுடக்கூடியவற்றையும் இயந்திரத் துப்பாக்கி என்ற வகைக்குள் சேர்த்தது. 1932இல் தலைநகர் வாஷிங்டனுக்கான சட்டம் 12 என்றது. 1933இல் ஒஹாயோ 18 என்றது. எண்கள் ஏன் இப்படி வேறுபட்டன என்பதற்கு எந்தச் சட்டமும் காரணம் சொல்லவில்லை. எண் என்பது அன்றும் இன்றும் பேரம் பேசி வந்த ஒன்று.

1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் வரைவிலும், மறுபடி நிரப்பாமல் 12 அல்லது அதற்கு மேல் சுடக்கூடிய அரைத்தானியங்கிகள் இயந்திரத் துப்பாக்கி என்றே வரையறுக்கப்பட்டிருந்தன. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஹோமர் கமிங்ஸ் முன்வைத்த அந்த வரைவு, நாடாளுமன்றக் குழுவின் விசாரணைகளைத் தாண்டி வெளியே வந்தபோது எண் காணாமல் போயிருந்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடுவது மட்டுமே இயந்திரத் துப்பாக்கி என்றானது. கூட்டாட்சி அளவில் கொள்ளளவு என்ற அளவுகோல் அறுபது ஆண்டுகளுக்கு மறைந்தது.

ஒஹாயோ சட்டம் நெடுங்காலம் நீடித்தது; வரம்பு பின்னர் 31 ஆக உயர்ந்தது; 2014இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியது. ஒஹாயோ சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. குற்றம் துப்பாக்கியில் இருந்ததே தவிர மேகசினில் இல்லை. பெரிய மேகசினைத் தனியே வைத்திருக்கலாம், துப்பாக்கியைத் தனியே வைத்திருக்கலாம், இரண்டையும் சேர்த்தால்தான் குற்றம். இதே அமைப்பை உலகின் மறுகோடியில் இன்னும் கொடிய விளைவோடு பார்க்கப் போகிறோம்.

1994: தேதியை நம்பிய தடை

1989 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலும் கம்போடிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். கொலையாளியிடம் இருந்தவற்றுள் 75 தோட்டா கொள்ளும் உருளை மேகசினும் ஒன்று. நாடே கொதித்தது. அந்த மார்ச் மாதமே, பெரும் துப்பாக்கி உற்பத்தியாளர் வில்லியம் ரூகர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: துப்பாக்கி வகைகளைத் தடை செய்யாதீர்கள், 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடை செய்யுங்கள். வரம்பின் எதிரிகளாகக் கருதப்பட்ட தொழில்துறையிலிருந்தே இந்த யோசனை வந்தது பலருக்கு இன்றும் ஆறாத கோபம். எனக்கு அது வணிகக் கணக்காகவே படுகிறது. துப்பாக்கியைக் காப்பாற்றப் பெட்டியைப் பலி கொடுக்கலாம் என்ற கணக்கு. சட்டத்தின் பார்வை துப்பாக்கியிலிருந்து மேகசினுக்கு நகர்ந்த தருணமும் அதுவே.

மாநிலங்கள் முந்திக்கொண்டன. நியூ ஜெர்சி 1990இல் 15 என்றது. ஹவாய் 1992இல் 10 என்றது. ஆனால் கைத்துப்பாக்கியில் பொருந்தக்கூடிய மேகசின்களுக்கு மட்டும்.

1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இந்தப் போக்கின் உச்சம். பத்துக்கு மேல் கொள்வதையும், எளிதில் அப்படி மாற்றக்கூடியதையும் அது தடுத்தது. கூடவே மூன்று சலுகைகள். அன்றைய தேதிக்கு முன் சட்டப்படி வைத்திருந்தவை தப்பின. குறைந்த திறன் கொண்ட .22 தோட்டாவுக்கான குழாய் மேகசின்கள் தப்பின. சட்டமே பத்தாண்டில் தானாகக் காலாவதியாகும் என்ற விதி சேர்ந்தது. மூன்றும் வாக்குகளைத் திரட்டக் கொடுத்த விலை. அந்த விலையைக் கொடுத்தும் கீழவையில் தாக்குதல் ஆயுதங்கள் எனப்பட்ட துப்பாக்கிகளையும் இந்த மேகசின்களையும் தடுக்கும் மசோதா இரண்டே வாக்கு வித்தியாசத்தில்தான் முதலில் தேறியது.

விளைவு என்ன? நீதித்துறை நிதியில் கிறிஸ்டஃபர் கோப்பர் 2004இல் அளித்த மதிப்பீட்டு ஆய்வு, தடைக்கு முந்தைய பெரிய மேகசின்கள் 1995 அளவில் சுமார் 2.5 கோடி இருந்ததாகத் தொழில்துறைக் கணிப்பைச் சுட்டுகிறது. 1995 முதல் 2000 வரை மேலும் 47 இலட்சம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாயின. ‘தடைக்கு முன் தயாரானது’ என்ற நிபந்தனை, தயாரான நாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உலகின் பழைய இராணுவக் கிடங்குகள் முழுவதும் சட்டபூர்வச் சரக்காகிவிட்டன. தடை அமலில் இருந்த ஆண்டுகளிலேயே கையிருப்பு பெருகியது என்பதை எந்தத் தரப்பும் எதிர்பார்த்திருக்காது. பெரிய மேகசின் பயன்பட்ட குற்றங்கள் அந்தக் காலத்தில் தெளிவாகக் குறையவில்லை என்பதற்கு இந்தக் கையிருப்பையே கோப்பர் காரணமாகக் காட்டினார். 2004 செப்டம்பர் 13 அன்று சட்டம் காலாவதியானது.

கலிபோர்னியா: பதினேழு ஆண்டு அடைப்பு வேலை

ஓர் இடைவெளியை அடைத்தால் அடுத்தது எங்கே திறக்கும் என்று அறிய கலிபோர்னியாவைப் போன்ற ஆய்வுக்களம் வேறில்லை. 2000 ஜனவரி 1 முதல் அமலான அதன் சட்டம், பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தயாரிப்பது, கொண்டுவருவது, விற்பது, கொடுப்பது, இரவல் தருவது அனைத்தையும் தடுத்தது. வைத்திருப்பதைத் தடுக்கவில்லை, பெறுவதையும் நேரடியாகத் தடுக்கவில்லை. கொடுப்பவர் குற்றவாளி, வாங்குபவர் அல்ல என்ற வினோத நிலை. பழைய மேகசினின் தேய்ந்த பாகங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், உறையும் வில்லும் மூடியும் தனித்தனியாக, ‘பழுது பார்க்கும் தொகுப்பு’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. பாகங்களின் தொகுப்பு மேகசினா, இல்லையா? சட்டத்தில் விடை இல்லை. சட்டமன்ற உறுப்பினர் நான்சி ஸ்கின்னர் கொண்டுவந்து 2014இல் அமலான திருத்தம், வாங்குவதையும் பெறுவதையும் குற்றமாக்கியது. முழு மேகசினாக மாற்றத்தக்க பாகத் தொகுப்புகளையும் பெயர் சொல்லித் தடுத்தது. அடைப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே இன்னொரு கதை நடந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது அதுதான். 1999இல் இயற்றப்பட்ட அதே சட்டம், கழற்றக்கூடிய மேகசினோடு கைப்பிடி போன்ற சில அம்சங்களும் சேர்ந்த துப்பாக்கிகளைத் தாக்குதல் ஆயுதம் என்றது. கழற்றக்கூடியது எது? துப்பாக்கியைப் பிரிக்காமலும் கருவி எதையும் பயன்படுத்தாமலும் எடுக்கக்கூடியது. கருவி எது? மாநிலத்தின் விதிமுறையே விடை சொன்னது: தோட்டாவும் ஒரு கருவிதான். இந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு சிறு தொழிலே எழுந்தது. விரலால் அழுத்த முடியாத, தோட்டாவின் முனையால் அழுத்தினால் மட்டும் மேகசினை விடுவிக்கும் ‘புல்லட் பட்டன்’ பொருத்திய துப்பாக்கிகள் சட்டப்படி ‘கழற்ற முடியாத’ மேகசின் கொண்டவையாகிக் கடைகளில் விற்றன. 2015 டிசம்பர் 2 அன்று சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற தாக்குதலுக்குப் பின், 2016இல் சட்டமன்றம் வரையறையையே மாற்றியது: துப்பாக்கியின் இயக்கப் பகுதியைப் பிரித்தால்தான் மேகசினை எடுக்க முடியும் என்றால் மட்டுமே அது நிலையானது. கவனக்குறைவால் பிறந்த ஓட்டை என்று நான் ஒப்புக்கொள்ளும் சில உதாரணங்களில் இது ஒன்று. விதி எழுதியவர் துல்லியமாக இருக்க நினைத்தார். அந்தத் துல்லியமே வினையானது.

வைத்திருப்பது மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. 2016 நவம்பரில், துணை ஆளுநர் கேவின் நியூசம் முன்னெடுத்த 63ஆம் எண் மக்கள் வாக்கெடுப்பு அதையும் தடுத்தது. 63 விழுக்காட்டினர் ஆதரித்தனர். பழையவற்றுக்கான சலுகை நீங்கியது. தடை 2017 ஜூலை 1 அன்று அமலாக வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு சான் டியேகோ கூட்டாட்சி நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அதை நிறுத்தி வைத்தார். 2019 மார்ச் 29 அன்று சட்டம் முழுவதையுமே செல்லாது என்றார். ஏப்ரல் 5 மாலை ஐந்து மணிக்குத் தீர்ப்பு மறுபடி நிறுத்தி வைக்கப்படும் வரை, பிற மாநிலக் கடைகளிலிருந்து பெரிய மேகசின்கள் கலிபோர்னியாவுக்குள் கொட்டின. துப்பாக்கி உரிமையாளர்கள் அதைச் ‘சுதந்திர வாரம்’ என்கிறார்கள். அந்த வாரத்தில் வாங்கியவர்களுக்கு நீதிமன்றம் பாதுகாப்பும் அளித்தது. பெட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒரு மேகசின் 1999இல் வந்ததா, அந்த வாரத்தில் வந்ததா, நேற்று வந்ததா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ஓட்டையை இங்கே திறந்தது சட்டமன்றம் அல்ல, நீதிமன்றத்தின் நாட்காட்டி.

கொலராடோவும் மூடித் தகடும்

2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா நகரத் திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டபின், அம்மாநிலம் 2013 ஜூலை 1 முதல் 15 என்ற வரம்பை விதித்தது. எளிதில் மாற்றத்தக்க வகையில் ‘வடிவமைக்கப்பட்டதும்’ தடைக்குள் வந்தது. சிக்கல் உடனே தொடங்கியது. அநேகமாக எல்லா மேகசின்களுக்கும் சுத்தம் செய்வதற்காகக் கழற்றத்தக்க அடிமூடி உண்டு. அந்த மூடியை மாற்றி நீட்டிப்பைப் பொருத்தலாம். அப்படியானால் பத்துத் தோட்டா மேகசினும் தடைக்குள் வருமா? மாநிலத்தின் பெரும்பான்மை ஷெரீப்கள் வழக்குத் தொடுத்தனர். 2020 ஜூனில் வேறொரு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், கழற்றத்தக்க மூடி இருப்பதால் மட்டும் தடை பொருந்தாது என்று வாசகத்தைச் சுருக்கிப் பொருள் கொண்டு சட்டத்தைக் காப்பாற்றியது. காப்பாற்றிய விதத்திலேயே அதன் வீச்சும் குறைந்தது.

இன்னொரு விதி, தடைக்குப் பின் கொலராடோவில் தயாராகும் பெரிய மேகசின்களில் நிரந்தர முத்திரை வேண்டும் என்றது. மாநிலத்தின் பெரிய மேகசின் உற்பத்தியாளரான மேக்புல் நிறுவனம் உற்பத்தியை வயோமிங்குக்கும் தலைமையகத்தை டெக்சாஸுக்கும் மாற்றிக்கொண்டது. வெளிமாநிலத்தில் தயாராவதற்கு முத்திரை தேவையில்லை. சட்டத்தை ஆதரித்த இரண்டு மாநில மேலவை உறுப்பினர்கள் 2013 செப்டம்பரில் திரும்பப் பெறும் தேர்தலில் பதவி இழந்தனர். அதற்குப் பிறகு அமலாக்கம் தளர்வாகவே இருந்தது.

நியூ யார்க்கின் 2013 சட்டம் வேறுவிதமாகச் சறுக்கியது. மேகசின் பத்து கொள்ளலாம், அதில் ஏழுதான் போடலாம் என்றது. கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஸ்க்ரெட்னி ஆண்டின் கடைசி நாளில் ஏழு என்ற விதியை மட்டும் வெட்டி எறிந்தார். மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

கனடா: எதற்காகச் செய்யப்பட்டது?

1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டனர். அதன் பின்விளைவான சட்டம் 1991 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. அதன் வழிவந்த விதிகள் நடுவெடி வகைத் தோட்டா பயன்படுத்தும் அரைத்தானியங்கி நீள்துப்பாக்கிக்கு 5, கைத்துப்பாக்கிக்கு 10 என்று நிர்ணயித்தன. அமெரிக்கா தேதியைக் கேட்டது. கனடா நோக்கத்தைக் கேட்டது. மேகசின் இப்போது எந்தத் துப்பாக்கியில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதல்ல, எந்தத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது என்பதே வரம்பைத் தீர்மானிக்கும் என்று ராயல் கனடியன் மவுன்டட் காவல்துறையின் 72ஆம் எண் சிறப்பு அறிவிக்கை தெளிவுபடுத்தியது.

விளைவு ஊகிக்கத்தக்கதே. ஏ.ஆர்.-15 குடும்பத்துக் கைத்துப்பாக்கி ஒன்றுக்காகத் தயாரான பத்துத் தோட்டா மேகசின், அதே குடும்பத்து நீள்துப்பாக்கியிலும் பொருந்தும். அங்கே வரம்பு ஐந்து, ஆனால் பத்தும் சட்டபூர்வமாக இருந்தது. பெரிய குண்டுக்காக வடிவமைத்த ஐந்து கொள்ளும் மேகசினில் சிறிய தோட்டா அதைவிட அதிகம் கொள்ளும், அதுவும் சட்டபூர்வமே. பல ஆண்டுகள் இது கடைகளிலும் துப்பாக்கிக் கழகங்களிலும் வெளிப்படையான செய்தி.

கத்திக்கு இரு பக்கமும் கூர்மை என்பது பின்னால் தெரிந்தது. .22 நீள்துப்பாக்கி மேகசின்களுக்கு வரம்பே கிடையாது. ஆனால் புகழ்பெற்ற ரூகர் 10/22 நீள்துப்பாக்கியின் மேகசின், அதே நிறுவனத்தின் கைத்துப்பாக்கி வடிவத்திலும் பொருந்துகிறது. எனவே அது கைத்துப்பாக்கிக்காகவும் வடிவமைக்கப்பட்டதே. எனவே பத்துக்கு மேல் கூடாது என்று 2016இல் காவல்துறை அறிவித்தது. 25 தோட்டா மேகசின்களை முயல் வேட்டைக்கு வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் தடைசெய்யப்பட்ட பொருளின் உடைமையாளர்களாயினர். ஏ.ஆர்.-15 உரிமையாளருக்கு வழிவிட்ட அதே தர்க்கம் இவர்களைப் பிடித்தது. 2023 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சட்டம், மேகசினை வரம்புக்கு மேல் கொள்ளும்படி மாற்றுவதைத் தனிக் குற்றமாக்கியது.

நியூசிலாந்து: இருபத்தேழு ஆண்டு தெரிந்த ஓட்டை

1990 நவம்பரில் அரமோவானா என்ற கடற்கரைக் குடியிருப்பில் 13 பேர் கொல்லப்பட்டபின், நியூசிலாந்து 1992இல் ‘இராணுவ பாணி அரைத்தானியங்கி’ என்ற வகையை உருவாக்கி அதற்குச் சிறப்பு ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அந்த வகைக்குள் சேர்க்கும் அளவுகோல்களில் ஒன்று, ஏழு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின். ஏழு கொள்ளும் மேகசினோடு விற்றால் அதே துப்பாக்கி சாதாரண உரிமத்துக்குள் அடங்கும். பெரிய மேகசினை வாங்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. மாட்டிய கணத்தில்தான் துப்பாக்கி வகை மாறும், அப்போதுதான் குற்றம். ஒஹாயோவில் கண்ட அதே அமைப்பு.

இது யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. 2017இல் நாடாளுமன்றக் குழு ஒன்று சட்டவிரோத ஆயுதங்கள் குறித்து விசாரித்து 20 பரிந்துரைகளை அளித்தது. அன்றைய காவல்துறை அமைச்சர் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்குச் சுமை கூடும் என்பது வாதம். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனிடம் இருந்தது சாதாரண உரிமம். துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கினான். பெரிய மேகசின்களையும் இணையத்தில் தடையின்றி வாங்கினான். 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைய அறிக்கை இந்த இடைவெளியை விரிவாகப் பதிவு செய்தது. அதற்கு வெகு முன்பே, படுகொலை நடந்து நான்கு வாரத்துக்குள், 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறிய சட்டம் மேகசினையே தடைப்பொருளாக்கியது, பாகங்களையும் சேர்த்தது. ஆண்டு முடிவதற்குள் 56,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள், பெரும்பாலும் இழப்பீட்டோடு, திரும்பப் பெறப்பட்டன. 1994இல் அமெரிக்கா கொடுத்த விலையை நியூசிலாந்து கொடுக்கவில்லை. கையிருப்பைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. அங்கே ஆயுத உரிமைக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

நீதிமன்றமும் மறுபடி துப்பாக்கியும்

அமெரிக்காவில் கேள்வி இப்போது வேறொரு தளத்தில் நிற்கிறது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், ஆயுதச் சட்டங்கள் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. கலிபோர்னியா வழக்கு கீழே திரும்பியது. பெனிடெஸ் 2023இல் மீண்டும் சட்டத்தைச் செல்லாததாக்கினார். 2025 மார்ச்சில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 7–4 என்று மீண்டும் நிலைநிறுத்தியது. பெரிய மேகசின் ஆயுதமே அல்ல, துணைப்பொருள். அது இல்லாமலும் துப்பாக்கி இயங்கும் என்பது பெரும்பான்மையின் முதல் காரணம். அந்த மே மாதம் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமும் 7–2 என்று அதே திசையில் தீர்ப்பளித்தது. மரபு என்று வரும்போது, 1927இன் மிச்சிகனும் ரோட் தீவும் வழக்குரைகளில் மறுபிறவி எடுத்திருக்கின்றன.

மேகசின் ஆயுதம் அல்ல என்றால் அதைத் தடுப்பது சுலபம். ஆனால் தடுத்ததை அமலாக்குவது சுலபமாகவில்லை என்பதைக் கொலராடோ ஒப்புக்கொண்டுவிட்டது. அரோராவில் மகனை இழந்த மேலவை உறுப்பினர் டாம் சல்லிவன் முன்வைத்த மசோதா, கழற்றத்தக்க மேகசின் ஏற்கும் பல அரைத்தானியங்கிகளின் விற்பனையையே நிறுத்த முயன்றது. 2013 வரம்பு கடைகளில் மதிக்கப்படவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆளுநர் ஜாரெட் போலிஸ் 2025 ஏப்ரல் 10 அன்று கையெழுத்திட்டபோது அது இளகியிருந்தது. பயிற்சி முடித்துத் தகுதிச் சான்று பெற்றவர் வாங்கலாம். 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளாத, நிரந்தரமாகப் பொருத்திய மேகசின் கொண்ட துப்பாக்கிகளுக்கு விலக்கு. 2026 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் அமலாகும். அப்போது ‘நிரந்தரமாக’ என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் கேட்கப்போவது கலிபோர்னியாவில் பொத்தான் தயாரித்தவர்களைப் போன்றவர்கள்தான்.